பேனாவுக்கு வழிவிட்ட தகடு: மடிப்புத் திரையின் அடியில் கார்பன் நார்

2021 ஆகஸ்டில் சாம்சங் வெளியிட்ட கேலக்ஸி இசட் ஃபோல்ட் 3 இரண்டு காரணங்களுக்காகப் பேசப்பட்டது. மடிப்பு ஃபோனுக்கு முதல்முறையாக ஐபிஎக்ஸ்8 நீர்த்தடுப்பு கிடைத்தது. மடியும் திரையில் எஸ் பென் என்ற சாம்சங் பேனாவை வைத்து எழுதவும் முடிந்தது. இந்த இரண்டாவது வசதி திரைக்கு அடியில் ஒரு பொருள் மாற்றத்தைக் கொண்டுவந்தது. எஸ் பென்னை ஏற்கும் ஃபோல்ட் வரிசையில், திரையைத் தாங்கும் மெல்லிய தகடு உலோகத்திலிருந்து கார்பன் நார்க் கூட்டுப்பொருளுக்கு (பிசினில் பதித்த கார்பன் நார்) மாறியது. பிறகு 2024 இறுதியில் எஸ் பென் இல்லாமல் ஒரு ஃபோல்ட் வந்தது. அதில் தகடு மறுபடி உலோகம், இந்த முறை டைட்டானியம்.

இந்த வரலாற்றை வலுவுக்காகவும் எடைக்குறைப்புக்காகவும் கார்பன் நார் வந்தது என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் அதிகம். விமானம், சைக்கிள், பந்தயக் கார் என்று கார்பன் நாருக்கு இருக்கும் பெயர் அப்படி. ஆனால் வலுவும் எடையும்தான் காரணம் என்றால் பேனா போனதும் கார்பனும் ஏன் போக வேண்டும்? இங்கே அந்தத் தகடு தேர்வானதற்கு முதல் காரணம், அது காந்தப்புலத்துக்கு வழிவிட்டது. மற்றவை கூடவே கிடைத்த லாபங்கள். சில தலைவலிகளும் கூடவே வந்தன.

தகடு எதற்கு?

மடிப்புத் திரை ஒற்றைப் பொருள் இல்லை. மேலே பாதுகாப்புப் படலம், அதன் கீழ் 30 மைக்ரான் அளவிலான மிக மெல்லிய கண்ணாடி, பிறகு தொடுஉணர் அடுக்கு, ஓஎல்இடி, பாலிமர் அடித்தளம். இவற்றுக்கிடையே மென்மையான ஒட்டும் அடுக்குகள். மொத்தமும் சேர்ந்தாலும் கையில் எடுத்தால் தொங்கும் ஒரு படலம்தான். விரலால் அழுத்தினால் குழி விழும், கீலின் ஒவ்வொரு மேடுபள்ளமும் மேலே தெரியும். அதைத் தட்டையாக வைத்திருக்க அடியில் விறைப்பான ஏதோ ஒன்று வேண்டும். ஆனால் அந்த விறைப்பான பொருளும் நடுவில் மடிய வேண்டும். முரண்பாடு இங்கேயே தொடங்கிவிடுகிறது.

தகடு எவ்வளவு முக்கியம் என்பதை 2019இல் வந்த முதல் கேலக்ஸி ஃபோல்ட் காட்டியது. ஏப்ரலில் விமர்சகர்களுக்குக் கொடுத்த மாதிரிகளில் சில, ஓரிரு நாட்களிலேயே பழுதாயின. திரையின் அங்கமாகவே இருந்த மேல்படலத்தைச் சாதாரண ஸ்கிரீன் கார்டு என்று நினைத்துச் சிலர் உரித்துவிட்டார்கள். இன்னொரு மாதிரியில் கீல் இடுக்கு வழியாகத் துகள் உள்ளே போய்த் திரையை அடியிலிருந்து முட்டியது. விற்பனை தள்ளிப்போய், செப்டம்பரில் திருத்தங்களோடு ஃபோன் வந்தது. திருத்தங்களில் ஒன்று, திரைக்கு அடியில் கூடுதல் உலோக அடுக்குகள். அடியிலிருந்து வரும் முட்டலைத் தடுக்க உலோகம் நல்ல தீர்வு. துருப்பிடிக்காத எஃகு மெல்லிய தாளாகக் கிடைக்கும். வேதி அரிப்பு முறையில் அதில் நுண்ணிய பிளவுகள் வெட்டுவது மின்னணுத் துறைக்குப் பல காலமாகக் கைவந்த வேலை. பேனா வராமல் இருந்திருந்தால் எஃகே தொடர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பேனா என்ன கேட்கிறது?

எஸ் பென்னின் முனையில் எழுதுவதற்குப் பேட்டரி தேவையில்லை. வேக்கம் நிறுவனத்தின் மின்காந்த ஒத்ததிர்வு முறை அது. திரைக்கு அடியில் டிஜிடைசர் என்ற செம்புச் சுருள் வலை இருக்கும். அது சுமார் 500 கிலோஹெர்ட்ஸ் வரிசையில் ஒரு மாறும் காந்தப்புலத்தை எழுப்பும். பேனாவுக்குள் ஒரு சுருளும் ஒரு மின்தேக்கியும் உண்டு. அவை அந்த அதிர்வெண்ணுக்கு ஒத்து அதிர்ந்து ஆற்றலை வாங்கிக்கொள்ளும். வலை ஒரு கணம் பேசுவதை நிறுத்தி, கேட்கத் தொடங்கும். பேனா வாங்கிய ஆற்றலைத் திருப்பி அனுப்பும். எந்தச் சுருளில் சைகை பலமாக வருகிறது என்பதை வைத்து இடம் தெரியும். எழுதும் அழுத்தம் பேனாவின் ஒத்ததிர்வை லேசாக நகர்த்தும். அந்த நகர்வை அளந்தால் கோடு எவ்வளவு தடிமனாக விழ வேண்டும் என்பது தெரியும்.

சாதாரணத் தட்டைத் திரை ஃபோனில் இதில் சிக்கல் இல்லை. வலைக்கும் பேனாவுக்கும் நடுவே கண்ணாடியும் திரை அடுக்குகளும்தான். மடிப்பு ஃபோனில் நடுவே அந்தத் தாங்கு தகடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. மாறும் காந்தப்புலம் உலோகத் தகட்டில் பட்டால் அதற்குள் சுழல் மின்னோட்டங்கள் கிளம்பும். அவை எதிர்ப்புலத்தை உண்டாக்கி, வந்த புலத்தை அழிக்கும். பேனா விஷயத்தில் இழப்பு இரண்டு தடவை: போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. அதோடு பக்கத்தில் உலோகம் இருந்தால் சுருளின் தூண்டல் மாறி ஒத்ததிர்வும் நகரும். நகர்வுதானே அழுத்தத்தின் மொழி? அழுத்தாமலேயே அழுத்தியதுபோல் படிக்கும் ஆபத்து அங்கே இருக்கிறது.

இதில் ஒரு பொதுக் குழப்பம் உண்டு. தகட்டில் காந்தம் ஒட்டாவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். காந்தம் ஒட்டாத துருப்பிடிக்காத எஃகு வகைகள் இருக்கின்றன. டைட்டானியத்திலும் காந்தம் ஒட்டாது. ஆனால் பிரச்சினை காந்தம் ஒட்டுவதில் இல்லை, மின்சாரம் ஓடுவதில். மின்சாரம் சுற்றி ஓட வழியிருந்தால் மறைப்பு உண்டு.

இன்னொரு கேள்வியும் எழும். 550 கிலோஹெர்ட்ஸில் எஃகுக்குள் புலம் ஊடுருவும் ஆழம் கணக்குப்படி சுமார் 0.6 மில்லிமீட்டர். தகடு 0.15 மில்லிமீட்டர்தான் என்றால் புலம் தாராளமாகப் போய்விடாதா? போகாது. மெல்லிய தகட்டின் மறைப்பைத் தடிமன் மட்டும் தீர்மானிப்பதில்லை. கடத்துத்திறன், தடிமன், அதிர்வெண், சுழலும் மின்னோட்டத்தின் வட்டம் எவ்வளவு பெரியது என்பது, இந்த நான்கின் பெருக்கம் தீர்மானிக்கிறது. சில மில்லிமீட்டர் அகலச் சுருளுக்கு அந்தப் பெருக்கம் எஃகில் ஒன்றைத் தாண்டிவிடுகிறது. ஒரு தடவை கடக்கும்போதே பாதிக்கு மேல் போய்விடும். திரும்பி வரும்போது மிஞ்சியதிலும் பாதிக்கு மேல் போகும்.

கார்பனும் கடத்திதானே?

இந்த இடத்தில்தான் விஷயம் சுவையாகிறது. காந்தப்புலத்துக்கு வழிவிட வேண்டும் என்றால் மின்கடத்தாப் பொருளைத்தானே தேட வேண்டும்? கார்பன் நார் கடத்தும். டோரே நிறுவனத்தின் டி300 நாரை எடுத்துக்கொள்வோம். 1970களிலிருந்து புழங்கும் வகை, 7 மைக்ரான் விட்டம். அதன் மின்தடைத்திறன் 1.7 மில்லிஓம்-சென்டிமீட்டர் என்ற கணக்கில் வருகிறது. செம்பைவிட ஏறக்குறைய 1000 மடங்கு, துருப்பிடிக்காத எஃகைவிடச் சுமார் 24 மடங்கு. கூட்டுப்பொருளில் நார் கிட்டத்தட்ட 60 சதவீதம், மீதி எபாக்ஸி பிசின். அதையும் கணக்கில் எடுத்தால் நார் ஓடும் திசையில் எஃகைவிட 40 மடங்கு மோசமான கடத்தி.

ஆனால் சுழல் மின்னோட்டத்துக்கு ஒரு திசை போதாது. அது வட்டமடிக்க வேண்டும். நாரோடு நேராகப் போனது, நாருக்குக் குறுக்கே தாண்டித்தான் திரும்ப முடியும். குறுக்கே பிசின். அங்கங்கே நார்கள் ஒன்றையொன்று தொடுவதால் குறுக்குக் கடத்தல் சுழியம் இல்லை. ஆனால் நேர்த்திசையோடு ஒப்பிட்டால் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு குறைவு. வட்டம் முழுமையடையாவிட்டால் எதிர்ப்புலம் பலவீனம். எஃகில் ஒன்றைத் தாண்டிய அந்தப் பெருக்கம் இங்கே சில நூறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஆக இந்தத் தகடு முழுக்கத் திறந்த சாளரம் என்று சொல்ல முடியாது. பேனாவுக்குப் போதுமான அளவு திறந்திருக்கிறது, அவ்வளவே.

நார்களை எப்படி அடுக்குகிறோம் என்பதும் இங்கே மின் வடிவமைப்பின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது. எல்லா நாரும் ஒரே திசையில் இருந்தால் வட்டம் போடுவது கடினம். ஒரு அடுக்கு நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் இருந்தால், மின்னோட்டம் ஒரு அடுக்கில் போய், தொடும் இடத்தில் அடுத்த அடுக்குக்கு மாறி, வட்டத்தை முடித்துவிடலாம். விறைப்புக்காகச் சேர்க்கும் குறுக்கு அடுக்கு பேனாவுக்கு எதிரி ஆகிறது. அடுக்குகளுக்கு இடையில் பிசின் கொஞ்சம் அதிகமாக நின்றாலோ, மெல்லிய கண்ணாடி நார் வலை ஒன்று இருந்தாலோ அந்தத் தொடர்பு குறையும். பொறியாளரும் மின்னணுக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அடுக்கு வரிசையைத் தீர்மானிக்க வேண்டிய பொருள் இது. தனித்தனியாக உட்கார்ந்தால் இரண்டு பேரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்து, சேர்த்துப் பார்க்கும்போது தவறான தகடு வரும்.

சரி, 500 கிலோஹெர்ட்ஸுக்கு வழிவிடுகிறது. ஃபோனின் ரேடியோவுக்கு? சுத்தமாக வழிவிடாது. 0.15 மில்லிமீட்டர் கார்பன் தகட்டின் தாள் மின்தடை நார்த் திசையில் ஒரு ஓமில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே; வெற்றிடத்தின் அலைத்தடை 377 ஓம். இவ்வளவு பொருத்தமில்லாத இடத்தில் ரேடியோ அலை மோதினால் பெரும்பாலும் திரும்பிப் போகும். அதே தகடு, பேனாவின் அருகாமைக் காந்தப்புலத்துக்குச் சாளரம், ஆன்டெனாவுக்குச் சுவர். கார்பன் நாரில் ஃபோன் உடலையே செய்வது ஏன் வெகுநாள் நடக்கவில்லை என்பதற்கும் இதுவே காரணம். ஜெர்மனியின் கார்பன் மொபைல் 2021இல் விற்ற கார்பன் 1 எம்கே II ஃபோன் 125 கிராம்தான் இருந்தது. ஆனால் அதற்காக அவர்கள் கார்பனோடு ரேடியோவுக்கு வழிவிடும் வேறு கூட்டுப்பொருளைச் சேர்த்து இழைக்க வேண்டியிருந்தது. மடிப்பு ஃபோனில் இந்தச் சிக்கல் குறைவு. ஆன்டெனாக்கள் விளிம்புச் சட்டத்தில், தகடு நடுவில்.

கண்ணாடி நார் போதாதா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் இந்த ஆய்வு முழுமையாகாது. கண்ணாடி நார்க் கூட்டுப்பொருள் மின்சாரத்தைக் கடத்தவே கடத்தாது. மலிவு. சர்க்யூட் போர்டுகளில் பல பத்தாண்டு அனுபவம் இருக்கிறது. பேனாவின் பார்வையில் கார்பனைவிட நல்லது.

தோற்பது விறைப்பில். கார்பன் நாரின் விறைப்பு 230 கிகாபாஸ்கல், கண்ணாடி நாரின் விறைப்பு 70க்குச் சற்று மேல். பிசினோடு சேர்த்து ஒரு திசை அடுக்காகப் பார்த்தால் கார்பனுக்குச் சுமார் 135, கண்ணாடிக்குச் சுமார் 40. தகட்டின் வளைவு விறைப்பு தடிமனின் மும்மடியோடு ஏறுவதால், கண்ணாடித் தகடு ஈடுகொடுக்க 1.5 மடங்கு தடிமன் போதும். 0.15 மில்லிமீட்டர் கார்பனுக்குப் பதில் 0.22 மில்லிமீட்டர் கண்ணாடி. வித்தியாசம் 0.07 மில்லிமீட்டர். வேறு எந்தச் சாதனத்திலும் இதைக் கண்டுகொள்ள மாட்டோம். மடிப்பு ஃபோனில் ஒவ்வொரு அடுக்கும் மடித்தவுடன் இரண்டாகிறது. அதோடு பேனாவின் சைகையும் தூரத்தோடு வேகமாகத் தேய்கிறது. இருந்தாலும் கண்ணாடி நார் நியாயமான போட்டியாளர்தான் என்பது என் கருத்து. கார்பனின் கடத்தலையும் தூசியையும் பற்றிக் கவலைப்படும் ஒருவர் அந்த 0.07ஐ விட்டுக்கொடுக்கத் துணியலாம்.

எஃகோடு ஒப்பிட்டால் எடைக் கணக்கு எளிது. கீழே உள்ள அளவுகள் புரிந்துகொள்வதற்காக நான் எடுத்துக்கொண்டவை. திரைத் தகடு 15 சென்டிமீட்டருக்கு 12 சென்டிமீட்டர் என்று வைப்போம். 0.15 மில்லிமீட்டர் எஃகு என்றால் சுமார் 21 கிராம். நார்த் திசையில் அதே விறைப்பு வேண்டுமானால் கார்பன் 0.17 மில்லிமீட்டர், எடை 5 கிராமுக்குள். டைட்டானியம் 0.18 மில்லிமீட்டர், எடை கிட்டத்தட்ட 15 கிராம். ஃபோல்ட் 2 எடை 282 கிராம், ஃபோல்ட் 3 எடை 271 கிராம். இந்த 11 கிராமையும் தகட்டின் கணக்கில் எழுதிவிடக் கூடாது, பேட்டரி முதல் சட்டம் வரை நிறைய மாறியிருக்கிறது. ஆனால் தகடு பங்களிக்கக்கூடிய அளவு எந்த வரிசையில் இருக்கும் என்பது தெரிகிறது.

மடியும் இடம்

ஒரு தகட்டை வளைத்தால் அதன் வெளிமேற்பரப்பு நீளும். எவ்வளவு நீளும் என்பது தடிமனை வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும். 0.15 மில்லிமீட்டர் தகடு, 1.5 மில்லிமீட்டர் ஆரம் என்றால் 5 சதவீதம். டி300 நார் 1.5 சதவீதத்தில் அறுந்துவிடும். அதைவிட வலுவான டி700 வகை 2.1 சதவீதம் வரை தாங்கும். அதுவும் போதாது. நாரை மடிப்புக் கோட்டுக்கு இணையாக வைத்து, வளைவைப் பிசின் பக்கம் தள்ளினால்? குறுக்குத் திசையில் அந்த அடுக்கு ஒரு சதவீதத்தைக்கூடத் தாங்காமல் பிளக்கும். அதாவது எந்தப் பக்கம் திருப்பினாலும் முழுத் தகடாக இது மடியாது. எஃகும் அப்படித்தான், ஒரு சதவீதத்துக்குள் நிரந்தரமாக வளைந்துவிடும்.

அதனால்தான் மடியும் பகுதியில் பிளவுகள். மடிப்புக் கோட்டுக்கு இணையாக நீள நீளமான பிளவுகள், ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை நகர்த்தி வெட்டப்பட்டிருக்கும். எஞ்சி நிற்பவை மெல்லிய பட்டைகள். தகடு மடியும்போது பட்டைகள் வளைவதில்லை, முறுக்கிக்கொள்கின்றன. வளைவு முறுக்கமாக மாறுவதால் எந்த ஒரு புள்ளியிலும் இழுவிசை எல்லை தாண்டாது.

கார்பன் கூட்டுப்பொருள் இங்கே எதிர்பாராத நல்ல பிள்ளை. பட்டைகள் மடிப்புக் கோட்டுக்கு இணை. வெளி அடுக்கு நாரும் அதே திசை. அப்படியானால் பட்டையின் நீளவாக்கில் நார் முழு விறைப்பையும் தரும். முறுக்கத்துக்கோ பிசின்தான் பதில் சொல்லும். அந்த நறுக்கு விறைப்பு, அதாவது முறுக்கத்தை எதிர்க்கும் விறைப்பு, 5 கிகாபாஸ்கல் அளவு. எஃகுக்கு 75. மடிக்க எளிது, மடித்த நிலையில் திரையைப் பின்னுக்கு இழுக்கும் விசையும் குறைவு. ஒரே பொருள் ஒரு திசையில் எஃகுக்குப் பக்கத்தில் நிற்கிறது, இன்னொரு வகை விசைக்குப் பிளாஸ்டிக்காக இளகுகிறது. எஃகிடம் இந்தக் குணத்தைக் கேட்கவே முடியாது.

நெடுக்கு, குறுக்கு, நெடுக்கு என்று மூன்று சம அடுக்கு வைத்த தகட்டைக் கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். நெடுக்குத் திசையில் வளைவு விறைப்பு 130 கிகாபாஸ்கல், குறுக்கே 14 மட்டும். வளைவில் வெளி அடுக்குகளே கிட்டத்தட்ட எல்லாச் சுமையையும் எடுத்துக்கொள்வதால், நடுவில் இருக்கும் குறுக்கு அடுக்குக்குப் பங்கு சொற்பம். அப்புறம் அந்தக் குறுக்கு அடுக்கு எதற்கு? அது இல்லாவிட்டால் தகடு கையாளும்போதே நார் வழியாக நீளவாக்கில் கிழியும்.

வேண்டாத விளைவும் உண்டு. முறுக்கம் பிசினைச் சோர்வடையச் செய்யும். நார்த் திசையில் கார்பன் கூட்டுப்பொருள் லட்சக்கணக்கான சுழற்சிகளைச் சாதாரணமாகத் தாங்கும், சோர்வு விஷயத்தில் பல உலோகங்களைவிட மேல். ஆனால் பட்டையின் ஓரத்தில் ஒரு சிறு விரிசல் விழுந்தால், அது நாருக்கு இணையாகப் பிசின் வழியே ஓட எந்தத் தடையும் இல்லை. இந்த வரிசை ஃபோன்களுக்குச் சாம்சங் சொன்ன சோதனை அளவு 2,00,000 மடிப்பு. ஒரு நாளைக்கு 100 தடவை என்றால் ஐந்து வருடத்துக்கு மேல். அந்த எண்ணிக்கையைத் தகடு கடக்குமா என்பதை நாரின் வலு தீர்மானிக்காது, பிளவின் ஓரம் எவ்வளவு சுத்தமாக வெட்டப்பட்டது என்பதே தீர்மானிக்கும்.

வெட்டுவதும் ஆறவைப்பதும்

எஃகில் பிளவு போட வேதி அரிப்பு போதும். கார்பனை அமிலம் அப்படித் தின்னாது. இயந்திரக் கத்தியால் வெட்டலாம், ஆனால் நார் கத்தியைத் தேய்க்கும், அடுக்குகள் ஓரத்தில் பிரியும். மீதி லேசர். அங்கே வேறு சங்கடம்: கார்பன் ஆவியாக 3,500 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், எபாக்ஸியோ 300, 400 டிகிரியிலேயே சிதைந்துவிடும். வெப்பம் மெதுவாகப் பாயும் லேசரில் வெட்டினால் நார் அறுவதற்குள் சுற்றியுள்ள பிசின் கருகி, ஓரத்தில் நார்கள் மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும். நார் வெப்பத்தை உள்ளே கடத்திக்கொண்டு போய் இன்னும் கொஞ்சம் கருக்கும். அதனால் வெப்பம் பரவ நேரமே கொடுக்காத மிகக் குறுந்துடிப்பு லேசர்கள் தேவைப்படுகின்றன. அவை ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகவே செதுக்கும். தகட்டுக்கு நூற்றுக்கணக்கான பிளவுகள் என்றால் நேரமும் செலவும் எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளலாம். இந்தக் கதையில் கார்பனின் பலவீனமான இடம் இதுதான்.

வெட்டும்போது பறக்கும் தூசியும் சாதாரணத் தூசி இல்லை. மின்சாரம் கடத்தும் தூசி. சர்க்யூட்டின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு துண்டு நார் விழுந்தால் குறுக்குச்சுற்று. ஆகவே வெட்டிய ஓரங்களைக் கழுவி, மூடி, படலம் ஒட்டி அடைக்க வேண்டும். படலம் இன்னொரு காரணத்துக்கும் வேண்டும்: கார்பன் மின்வேதி வரிசையில் உயர்ந்த இடத்தில் இருப்பதால், ஈரப்பதம் இருக்கும் இடத்தில் அலுமினியத்தைத் தொட்டால் அலுமினியம் அரிக்கும். நீர்த்தடுப்பு உண்டு என்று விற்கும் ஃபோனில், கீலுக்குப் பக்கத்தில், இதை அலட்சியம் செய்ய முடியாது.

தகட்டைத் தட்டையாக எடுப்பதே ஒரு கலை. பிசின் ஊறிய நார்த் தாள்களை அடுக்கி, அழுத்தத்தில் 120 முதல் 180 டிகிரி வரை சூடாக்கிக் கெட்டிப்படுத்துகிறார்கள். ஆறும்போது நார்த் திசையில் தகடு சுருங்குவதே இல்லை; நாரின் வெப்ப விரிவு கொஞ்சம் எதிர்மறை. குறுக்கே பிசின் நன்றாகச் சுருங்கும். நெடுக்கு ஒன்று, குறுக்கு ஒன்று என்று வெறும் இரண்டு 0.05 மில்லிமீட்டர் அடுக்கை ஒட்டி, கெட்டிப்படும் சூட்டிலிருந்து 100 டிகிரி ஆறவிட்டால், கணக்குப்படி அது 4 சென்டிமீட்டர் ஆரத்தில் சுருண்டுகொள்ளும். அப்பளம் பொரிந்ததுபோல் வளைந்த இந்தத் தகட்டை வைத்து எந்தத் திரையையும் தட்டையாக்க முடியாது. நடுவை ஒட்டி இரண்டு பக்கமும் சமச்சீராக மூன்று அடுக்கு வேண்டும். சாதாரணத் தாள் ஒன்றே 0.125 மில்லிமீட்டர் வரும். அதில் மூன்றை அடுக்கினால் எஃகைவிட இரண்டரை மடங்கு தடிமன். ஆகவே நார்க் கற்றையைப் பரப்பித் தட்டையாக்கிய மிக மெல்லிய தாள்கள் வேண்டும். விமானத் துறையில் ஆடம்பரமாகப் பார்க்கப்பட்ட மெல்லடுக்கு இங்கே கட்டாயம்.

வெப்பத்தைப் பற்றி ஒரு வரி போதும். தடிமன் வழியாகக் கார்பன் கூட்டுப்பொருள் வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும், எஃகின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை; ஆனால் ஃபோனில் வெப்பத்தைப் பரப்பும் வேலை கிராஃபைட் தாள்களுடையது, தகட்டுடையது இல்லை.

பேனா போனது

2024 அக்டோபரில் தென் கொரியாவில் கேலக்ஸி இசட் ஃபோல்ட் ஸ்பெஷல் எடிஷன் வந்தது. எஸ் பென் இல்லை, டிஜிடைசர் இல்லை. தகடு டைட்டானியம். திரை 8 அங்குலமாக வளர்ந்தும் எடை 236 கிராம். அதே ஆண்டின் ஃபோல்ட் 6, 7.6 அங்குலத் திரையோடு 239 கிராம். மடித்த தடிமன் 12.1 மில்லிமீட்டரிலிருந்து 10.6 ஆனது. 2025 ஜூலையில் அறிவித்த ஃபோல்ட் 7இல் இந்த மெலிவு இன்னும் முன்னே போனது: 215 கிராம், மடித்தால் 8.9 மில்லிமீட்டர், விரித்தால் 4.2. அதிலும் டைட்டானியத் தகடு, அதிலும் பேனா இல்லை.

கார்பனைவிட மூன்று மடங்கு அடர்த்தியான உலோகம் வந்தும் ஃபோன் இலேசானது எப்படி? டிஜிடைசர் போனால் அதன் செம்புச் சுருள் வலை போகிறது, வலைக்கு அடியில் மற்ற உலோகப் பாகங்களிடமிருந்து புலத்தைக் காக்கும் காந்தத் தாள் போகிறது, ஒட்டும் அடுக்குகள் போகின்றன. மடித்த ஃபோனில் அவை இரண்டு தடவை எண்ணப்பட்டவை. வழிவிட வேண்டிய புலமே இல்லாதபோது கார்பனின் முக்கியத் தகுதி காலாவதி. மீதியில் போட்டியிட்டால் டைட்டானியம் நன்றாகவே நிற்கிறது. எல்லாத் திசையிலும் ஒரே குணம். எஃகைவிட ஏறக்குறைய பாதி விறைப்பு என்பதால் பிளவுப் பட்டைகள் எளிதாக முறுக்கும். வேதி அரிப்பில் வெட்டலாம். நார் தூசி இல்லை, பிசின் விரிசல் இல்லை. அடியிலிருந்து துகள் முட்டினால் உலோகம் பள்ளம் விழுந்து தாங்கும். மெல்லிய கார்பன் அடுக்கு பிரியும் அல்லது பிளக்கும். 2019இன் தொல்லையை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை. எடைப் பட்டியலில் மட்டும் கார்பன் ஜெயிக்கிறது, அந்த 10 கிராமை வேறு இடத்தில் மிச்சம் பிடித்துவிட்டார்கள்.

பேனாவை நீக்கியது சரியா என்பது தனி வாதம். ஃபோல்ட் வாங்கியவர்களில் பெரும்பாலோர் பேனாவைத் தொட்டதே இல்லை என்றும், தொட்டவர்களுக்கு அதுவே ஃபோன் வாங்கிய காரணம் என்றும் இரண்டு தரப்பும் சொல்லும். பொருள் தேர்வின் கோணத்தில் பார்த்தால், 2021இல் கார்பனும் சரி, 2024இல் டைட்டானியமும் சரி. தகட்டிடம் கேட்ட கேள்வி மாறியது.

மடிப்பு ஃபோனில் பேனா திரும்பி வரலாம். அப்போது கார்பனும் திரும்புமா என்பது எந்த வகைப் பேனா என்பதைப் பொறுத்தது. பேட்டரியைத் தானே சுமந்து, திரையின் மேலுள்ள தொடுஉணர் அடுக்கோடு நேரடியாகப் பேசும் பேனா என்றால் அதன் சைகை தகடு வரை இறங்குவதே இல்லை. ஆப்பிள் பென்சில் அந்த வகை. அங்கே தகடு டைட்டானியமாகவே இருந்துவிட்டுப் போகலாம். விலை, பேனாவுக்குச் சார்ஜ் போடும் தொல்லை. பேட்டரி இல்லாத பேனாதான் வேண்டும் என்றால் ஒன்று டிஜிடைசரைத் தகட்டுக்கு மேலே, மடிப்பைத் தாங்கும் செம்புக் கோடுகளோடு கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் மறுபடி நார்த் தாள்களை எடுத்து, நெடுக்கு, குறுக்கு, நெடுக்கு என்று அடுக்கத் தொடங்க வேண்டும்.